பன்னிரண்டு வருடப் பத்தியம்

எடை மெஷின் பொய் சொல்கிறதோ என்று டயட்டீஷியனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காலையில் சரிபார்த்துப் பையில் போட்டுக்கொண்டு வந்த மெஷின்தான். பெரியவரைக் கைத்தாங்கலாக இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தாள். அதே நாற்பத்தேழு கிலோ. ஒரு காலத்தில் பேருந்து ஓட்டிய மனிதராம். அந்த மணிக்கட்டைப் பார்த்தால் சைக்கிள் ஓட்டினார் என்றுகூட யாரும் நம்பமாட்டார்கள்.

பெரியவருக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துபோய் நடக்க முடியவில்லை. மூட்டை மாற்றலாம், ஆனால் இந்த உடம்பு ஆபரேஷனைத் தாங்காது, இரண்டு மாதத்தில் நாலு கிலோவாவது ஏற்றுங்கள், இல்லையென்றால் ஆயுசுக்கும் நாற்காலிதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அவர் கொடுத்த கடிதத்தின்பேரில்தான் அவள் வீடு தேடி வந்திருந்தாள். வாசலிலேயே மகன், நெடுநாள் பழகியவர்போல வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். மரியாதை தெரிந்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

"காலையில என்ன சாப்பிட்டாரு?"

"ரொட்டி ஒரு துண்டு, முப்பது கிராம். வெண்ணெய் கிடையாது. சர்க்கரை போடாத டீ, நூத்தம்பது மில்லி."

மகன் நில அளவையர். அடுத்தவர் வேலித் தகராறை அங்குலக் கணக்கில் தீர்த்துவைக்கிறவர். அதே கையால் அப்பாவின் தட்டையும் அளந்துகொண்டிருக்கிறார் என்று பார்த்தவுடனே தெரிந்தது. சமையல் மேடையில் தராசு ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"மத்தியானம்?"

"வேகவெச்ச காய் இருநூறு கிராம், தோலெடுத்த கோழி அறுபது. உருளைக்கிழங்கெல்லாம் இந்த வீட்டு வாசப்படியே ஏறாது மேடம்."

"சுகருக்கு என்ன மாத்திரை போடறாரு?"

"அத டாக்டர் நாலு வருஷம் முன்னாடியே நிறுத்திட்டாரு. அவ்வளவு கண்ட்ரோல்!" என்றார் மகன், முதல் பரிசு வாங்கிய பிள்ளையின் அப்பா மாதிரி. இங்கே பிள்ளைதான் அப்பாவை வைத்துப் பரிசு வாங்கிக்கொண்டிருந்தார்.

அவளுக்குச் சுரீரென்று ஏறியது. மாத்திரையை நிறுத்தினார்களாம், பத்தியத்தை நிறுத்தவில்லையாம்! எண்பத்திரண்டு வயதில் ஒரு மனிதர் கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கிறார், இவர் கிராம் கணக்கு ஒப்பிக்கிறார்.

"இந்த அக்கிரமத்த யாருங்க எழுதிக் குடுத்தது?" அவள் குரல் அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும். "மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா அந்த ஆளுக்கு? படிச்சுட்டுதான் எழுதினாங்களா, இல்ல சும்மா கிறுக்கினாங்களா?"

மகன் திருதிருவென்று விழித்தார். பிறகு சமையலறைக்குப் போய், ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த அட்டையைப் பிரித்து எடுத்துவந்து நீட்டினார். லேமினேட் செய்த அட்டை.

கீழே அவளுடைய கையெழுத்து. அவளுடைய பதிவு எண். தேதி பார்த்தாள், பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்போது அவள் வேறொருவரின் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்த புதிது. 'கண்டிப்பாக' என்று எழுதி இரண்டு கோடு வேறு போட்டிருந்தாள், மகராசி.

"அப்ப அப்பா தொண்ணூத்தியொரு கிலோ மேடம். உங்களுக்கு அடையாளம் தெரியாதுதான்," என்றார் மகன், அவளுக்குச் சமாதானம் சொல்வதுபோல. "ஒரு நாள்கூட மாத்தல."

"மூணு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருப்பேனே?"

"சொன்னீங்களான்னு ஞாபகம் இல்ல. இதுல எழுதலையே."

அட்டையை முன்னும் பின்னும் புரட்டினாள். எழுதவில்லைதான். எத்தனை கிராம் காய் என்று எழுதத் தெரிந்தவளுக்கு, எதுவரைக்கும் என்று எழுதத் தோன்றவில்லை. தன்னையே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அதற்காக இந்த மகனைச் சும்மா விட்டுவிட முடியுமா?

"நான் எழுதலன்னா, உங்களுக்குக் கண்ணு இல்லையா சார்? அப்பா பாதியா போயிட்டாரே! பாத்துக்கிட்டேதான இருந்தீங்க?"

மகனின் முகம் கோணியது. "எங்கம்மாவுக்கும் சுகர்தான். நாங்க கண்டுக்கல. மொதல்ல விரலை எடுத்தாங்க, அப்புறம் காலை, அப்புறம் அம்மாவே இல்ல. இவரையாவது காப்பாத்தணும்னு உங்க பேப்பரைத்தான் மேடம் கெட்டியா பிடிச்சுக்கிட்டேன்."

கோபத்தை யார்மேல் இறக்கிவைப்பது என்று தெரியாமல் பெரியவர் பக்கம் திரும்பினாள்.

"ஏன்யா, பசிக்குதுன்னு நீங்களாவது வாயத் தொறந்து சொல்லலாம்ல?"

"சொன்னேம்மா. ரெண்டு தடவ சொன்னேன்." பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், மகன் அடுத்த அறையில் இருப்பதுபோல. "ரெண்டு தடவையும் இவன் அழுதுட்டான். அப்புறம் நான் சொல்றதில்ல."

மகன் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் அழுகைக்குப் பயந்துதான் அப்பா பசியை மறைத்தார் என்பது அவருக்குப் புதுச் செய்தி என்று அந்த நிற்பிலேயே தெரிந்தது.

அவள் புதுத் தாள் எடுத்து எழுதினாள். பால், முட்டை, வெண்ணெய், உருளைக்கிழங்கு. எடுத்தவுடன் மலைபோலக் குவிக்கக் கூடாது, மூன்று நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்ட வேண்டும். ரத்தப் பரிசோதனை இந்த வாரமே. எல்லாவற்றுக்கும் மேலே, 'இரண்டு வாரத்துக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் போட்டாள். பிறகு மகனை அடுப்படிக்கு விரட்டினாள். "இப்பவே ஒரு முட்டை. வெண்ணெய் போட்டு. தராசத் தொட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

முட்டை வந்தது. மகன் சுகர் பார்க்கும் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவர்போல எதிரே நின்றார். பெரியவர் வழித்துச் சாப்பிட்டார். தட்டோரத்து வெண்ணெயையும் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு தலையை நிமிர்த்தி மகனுடைய முகத்தைப் பார்த்தார்.

"போதும்ப்பா. வயிறு ரொம்பிடுச்சு," என்றார்.

பொய்! அவளுக்கு ஆத்திரத்தில் கண்ணே கலங்கியது. இத்தனை வருடமும் இந்த மனிதர் இப்படியேதான் சொல்லிக்கொண்டிருந்தாரா? நறுக்கென்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மகன் கருவியை மேஜைமேல் வைத்துவிட்டு, அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நான் அழமாட்டேன்ப்பா. சொல்லுங்க, இன்னொண்ணு போடவா?"

பெரியவர் குனிந்து மகனின் கண்களை உற்றுப் பார்த்தார்.

"ரெண்டா போடு," என்றார்.