இரண்டு நம்பர் கூட

மலர்ச்சாலைக்காரன் சவப்பெட்டியோடு கொண்டுவந்த கறுப்புச் சப்பாத்து, பெட்டியில் கிடத்தியிருந்த கிறிஸ்தோபரின் காலில் பாதிவரைதான் ஏறியது. அவன் குதிக்காலைத் தள்ளிப் பார்த்தான், கரண்டிக் காம்பை விட்டு நெம்பியும் பார்த்தான். பிறகு, வேறு சப்பாத்து இருக்கிறதா என்று கேட்டான்.

"பிள்ளை வாங்கிக் குடுத்தது இருக்குத்தானே," என்றாள் அவர் மனைவி மாகிரட். "அதைப் போடுங்கோ. அவர் ஆசையாப் போட்டது."

அந்தச் சப்பாத்தை மட்டும் போடக்கூடாது என்றிருந்தது மகள் ஜெனிதாவுக்கு. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். "அப்பாவுக்கு நானே போட்டுவிடுறன்," என்று மட்டும் சொன்னாள்.

உயிரோடு இருந்தபோதும் அந்தக் கால்களோடு வீடே மல்லுக்கட்டியது. முன்பாதம் அப்படி அகலம். உங்கட காலுக்கு வள்ளம்தான் அளவு என்று மாகிரட் கேலி பண்ணுவாள். சீனி வருத்தம் வந்து, தினமும் நடக்கவேண்டும், மெத்தென்ற அடியும் குதியைத் தாங்கும் பிடிப்பும் உள்ள ஓட்டச் சப்பாத்தாக வாங்குங்கள் என்று டொக்டர் சொன்ன பிறகு கேலி நின்றது. ஜெனிதா டவுனில் ஒரு கடை விடவில்லை. மெத்தென்று இருந்ததெல்லாம் ஒடுக்கம். அகலமாக இருந்ததோ வெறும் ரப்பர் பலகை. கடைசிக் கடைக்காரர்தான் வழி சொன்னார்: அகலம் வேண்டுமென்றால் இரண்டு நம்பர் கூட எடுங்கள், நீளம் ஒரு பிரச்சினையே இல்லை.

அப்பா போட்டுக்கொண்டு முற்றத்தில் இரண்டு நடை நடந்தார். "அளவெண்டா அளவு, பிள்ளை," என்றார்.

பத்தொன்பதாம் நாள், துறைமுக வீதியிலிருந்து மேலே ஏறும் படியில் விழுந்தார். தலையில் அடி. இரண்டு நாள் கண் திறக்காமலே கிடந்து போய்விட்டார்.

அன்று கூட நடந்தவர் அப்பாவின் சிநேகிதர், கிண்ணியா ஊர் ஸெய்னுதீன். இன்று காலையிலேயே செத்தவீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தார். சப்பாத்து நுனி படியில் தட்டினதோ என்று ஜெனிதா அவரிடம் மெல்லக் கேட்டிருந்தாள். அவர் வாசல் பக்கம் பார்த்தார்.

"படி ஈரம், மகள். ஆர் போனாலும் வழுக்கும்."

மழை பெய்து ஒரு மாதம் இருக்கும். அது இருவருக்குமே தெரியும்.

பெட்டியின் கால்மாட்டில் நின்று வலது சப்பாத்துக்குள் கையை விட்டபோது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. நுனியில் கசக்கி அடைத்த தாள். விரித்தாள். மே பன்னிரண்டு, அவள் சப்பாத்தைக் கொடுத்த நாளின் கலண்டர் தாள். இடது சப்பாத்துக்குள் பதின்மூன்று இருந்தது.

நீளம் கூட என்று அவருக்கு முதலே தெரிந்திருக்கிறது. பிள்ளை அலைந்து வாங்கினது என்று வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாற்றியிருப்பேனே அப்பா என்று காலைப் பிடித்துக் கேட்கவேண்டும் போலிருந்தது. கால் கையில்தான் இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

அம்மா வருவது தெரிந்தது. ஜெனிதா தாள்களை மடித்துத் திரும்பவும் நுனியில் அடைத்தாள். சப்பாத்து இரண்டும் சிரமமில்லாமல் ஏறின. நாடாவை இழுத்து முடிந்தாள்.

மாகிரட் குனிந்து பார்த்தாள்.

"இறுக்கிக் கட்டாத, பிள்ளை. அவருக்குக் கால் நோகும்."

ஜெனிதா முடிச்சை அவிழ்த்து, இளக்கிக் கட்டினாள்.