சேவல் போட்ட சைக்கிள்

1

இது கதையாக வரவேண்டியதே இல்லை. ஒரு பத்திரிகையில் கேட்டார்கள்: சைக்கிளுக்குக் காசு போட்டு வாங்கத் தகுந்த துணைப்பொருட்கள் எவை, எதை மாற்றினால் வண்டி உருப்படும், வரிசைப்படுத்தி எழுதித் தாருங்கள் என்று. போகோட்டாவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவன், அதுவும் சைக்கிளில் போய்க் கொட்டியவன், நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது என்று மிதப்பாக ஒப்புக்கொண்டேன்.

தொடக்கம் இப்படி இருந்தது:

"முதலில் நல்ல பிரேக் கட்டை. மழைக்கார ஊர் என்றால் அடுத்தது மட்கார்டு. அதற்கடுத்து, எடுத்துக்காட்டாக, எங்கள் பொசா பேட்டையில் ஒரு பஸ் டிரைவர் தன் மனைவியின் சைக்கிளுக்கு"

[இங்கே நிறுத்திவிட்டேன்.]

எடுத்துக்காட்டுக்கு வந்த ஆள் ஒரு வரியில் தலையைக் காட்டிவிட்டுப் போகவேண்டும். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெயர் கேட்டேன், அர்னுல்ஃபோ என்றார். மனைவி பெயர் நெல்சி என்றார். வரிசைப்படுத்தும் வேலை அத்தோடு கெட்டது.

2

இந்த ஊரில் வண்டியை அலங்கரிப்பதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: எங்கயார். சேவலாக்குவது என்று பொருள். வண்டியில் தொங்குவது, மினுக்குவது, சத்தம் போடுவது எல்லாமே ஒவ்வொரு 'சேவல்'.*

* தமிழ்க் காதுக்கு இது 'எங்க, யார்' என்றுதான் விழும். வந்த புதிதில் ஒரு மெக்கானிக் என் சைக்கிளைக் காட்டி "எங்கயார்?" என்று கேட்க, நான் பெயரையும் விலாசத்தையும் சொல்லிக்கொண்டிருந்தேன். [கதைக்கு இது தேவையா தெரியவில்லை. இருக்கட்டும், பின்னால் உதவலாம்.]

அர்னுல்ஃபோ ஒரு காலத்தில் சொந்தமாகப் பஸ் ஓட்டியவர். அந்தப் பஸ்ஸில் குஞ்சம் வைத்த திரை, சிவப்பு விளக்கு, கண்ணாடிக் குமிழுக்குள் தேளை அடைத்த கியர் கம்பி, டிரைவர்களுக்குக் காவலான கார்மென் மாதாவின் படம் என்று சேவலுக்குக் குறைவில்லை. பிறகு அவர் போய்ச் சேர்ந்த கம்பெனியில் எல்லாப் பஸ்ஸும் ஒரே நீலம். கண்ணாடியில் ஒரு ஜெபமாலை தொங்கவிடக்கூட அனுமதி கிடையாது. மனிதருக்குக் கை நமைச்சல் எடுத்துவிட்டது. வீட்டில் சக்கரம் உள்ள பொருள் இன்னும் ஒன்றுதான் இருந்தது, அது நெல்சியின் சைக்கிள்.

நெல்சி சப்பினேரோவில் ஒரு பேக்கரியில் பாலாடைக்கட்டி ரொட்டி சுடுபவர்.* நகரத்தின் ஒரு கோடியில் இருக்கும் பேட்டையிலிருந்து மறுகோடிவரை சைக்கிளில்தான் போய்வருவார். போன வருஷம் மேம்பாலத்துக்கு அடியில் நான்கு பேர் மறித்து வண்டியைப் பறித்துக்கொண்டு போனார்கள். நெல்சி தலைக்கவசத்தோடு நடந்து வீடு வந்தார். அதற்குப் பிறகு பழைய வண்டி ஒன்று வாங்கி, அதன் சிவப்புச் சட்டம் முழுவதும் பார்சல் கட்டுகிற காக்கி டேப்பைச் சுற்றினார். பார்த்தால் கால் ஒடிந்து கட்டுப்போட்ட வண்டி மாதிரி இருக்கும். எந்தத் திருடனும் பரிதாபப்பட்டு விலகிப்போவான். கட்டுரையாக இருந்தால் பூட்டுக்கும் மேலே இந்த டேப்பைத்தான் வைத்திருப்பேன்.

* நெல்சிக்கு ஏன் 'சுடுபவர்' என்று மரியாதை விகுதி என்று கேட்பவர்களுக்கு: இந்த ஊரில் இந்த வயதுத் தம்பதிகள் ஒருவரையொருவர் 'நீங்க' என்றுதான் பேசிக்கொள்வார்கள். தட்டு பறக்கிற சண்டையிலும் 'நீங்க'தான். கட்டிய கணவரே மரியாதை கொடுக்கும்போது நான் 'அவள்' என்று எழுதி வம்பில் மாட்டிக்கொள்ளத் தயாரில்லை.

3

ஜூலையில் கார்மென் மாதா திருநாள். ஊரில் உள்ள வண்டிகளெல்லாம் பலூனும் பூவுமாகக் கோயில் வாசலில் நின்று தீர்த்தம் வாங்கிக்கொள்ளும் நாள். அதற்கு முன்னால் வண்டியைச் சரிபார்க்க நெல்சி மெக்கானிக் சிப்ரியானோவிடம் விட்டார். பிரேக் கட்டை மாற்றணும், மட்கார்டு போடணும், முள் குத்தாத டயர், முன்னால் ஒரு நல்ல விளக்கு. "சேவல் ஒண்ணும் வேண்டாம்" என்று அழுத்திச் சொல்லிவிட்டுத்தான் போனார். அன்று மத்தியானமே அர்னுல்ஃபோ கடைக்கு வந்தார். இங்கே மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் 'தோன்' போட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

"தோன் அர்னுல்ஃபோ, உங்க வீட்டம்மா சேவலே கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. மாதா முன்னாடி வண்டியை அம்மணமாவா நிறுத்தறது? முதல்ல அந்தக் காக்கி டேப்பை உரிங்க."

"உரிச்சா சட்டம் பளபளன்னு இருக்குமே."

"இருக்கட்டுமேய்யா. அதுக்குத்தானே பெயின்ட்டு."

"சரி, வேற என்ன போடறது?"

"கடையில என்னென்ன சேவல் இருக்கோ, எல்லாம்."

"நிஜச் சேவலே ஒண்ணு இருக்கு. போடவா?"

ரப்பர் பந்தை அழுத்தினால் சேவல் மாதிரிக் கூவுகிற ஹாரன். வருஷக்கணக்காக விற்காமல் ஆணியில் தொங்கியது. அர்னுல்ஃபோ ஒருமுறை அழுத்திப் பார்த்தார். கடை வாசலில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"இதைப் போடாம வேற எதைப் போடறது!"

"திருகு கொஞ்சம் லூசு. கையாலேயே கழட்டிடலாம், பாத்துக்கோங்க."

இந்த இடத்தில் எனக்கு அர்னுல்ஃபோ மேல் சந்தேகம் வந்தது. அசட்டுக் கணவர், விவரமான மனைவி. இந்தச் சிரிப்பு ரொம்ப மலிவு. சரி, கெட்டவராக எழுதிப் பார்ப்போம் என்று முயன்றேன். "மனைவி எங்கே போகிறாள் என்று ஊரே பார்க்கவேண்டும் என்பதற்காகவே அவர்" [அடித்துவிட்டேன். பொய்.] மனிதருக்கு அப்படியெல்லாம் யோசிக்கத் தெரியாது. தன்னுடையது எதுவோ அது ஜொலிக்க வேண்டும், அவ்வளவுதான். தனக்குப் பிடித்தவரை அவருக்கு வேறு எப்படியும் கவனிக்கத் தெரியவில்லை.

திருநாள் காலையில் வண்டியைப் பார்த்த நெல்சி அதை ஒரு சுற்று சுற்றி வந்தார். சக்கரக் கம்பிகளில் பச்சை விளக்கு, கைப்பிடியில் குஞ்சம், மட்கார்டில் மாதா, மணிக்குப் பதில் சேவல்.

"இது என்னங்க, சைக்கிளா சப்பரமா?"

"அழகா இல்லையா?"

"திருடனுக்கு விருந்து வெச்சிருக்கீங்க. இலை மட்டும்தான் போடலை."

"நாலு பேர் கண்ணுல படற மாதிரி போனா எவனும் கிட்ட வரமாட்டான் கண்ணு."

"போன தடவையும் நாலு பேர் பாத்துக்கிட்டுத்தான் நின்னாங்க."

அர்னுல்ஃபோ குனிந்து குஞ்சத்தைச் சரிசெய்தார். [நானும் அடுத்த பத்திக்கு நகர்ந்தேன்.]

பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். மறுநாள் வேலைக்குப் போகவேண்டும், எதையும் கழற்ற நேரமில்லை. நெல்சி திட்டிக்கொண்டே அதை ஓட்டத் தொடங்கினார். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் ஒரு நொண்டி நாய் உண்டு. இரண்டாம் நாளே நெல்சி வீடு திரும்பும்போது முனையில் அந்தச் சேவலை இரண்டு தடவை சின்னதாக, ஒரு தடவை நீட்டி அழுத்தினார். நாய் பதிலுக்குக் குரைத்தது. மறுநாளும் அப்படியே. யாரும் கேட்கவில்லை என்று நெல்சி நினைத்துக்கொண்டார். வீட்டுக்குள்ளே அர்னுல்ஃபோ உதட்டைக் கடித்துச் சிரித்துக்கொண்டார்.

4

அந்த வெள்ளிக்கிழமை அர்னுல்ஃபோவுக்கு விடுமுறை. மாலையில் மழை பிடித்துக்கொண்டது. அடுப்பில் வெல்லத் தண்ணீரை வைத்தார். நெல்சி நனைந்து வந்ததும் சுடச்சுட, ஒரு துண்டு பாலாடைக்கட்டியைப் போட்டுக் குடிப்பார்.

நெல்சி வரவில்லை.

மழை என்றால் பாலத்துக்கு அடியில் ஒதுங்கியிருப்பார் என்று அர்னுல்ஃபோ நினைத்தார். நினைத்த உடனே, எந்தப் பாலம் என்று உறைத்தது. போன் போட்டார், அணைந்திருந்தது. பேக்கரிக்குப் போட்டார். வழக்கமான நேரத்துக்கே கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். வெல்லத் தண்ணீரை இறக்கினார், மறுபடி ஏற்றினார். குடையை எடுத்துக்கொண்டு சிப்ரியானோ கடைக்கு ஓடினார்.

"நெல்சி இந்தப் பக்கம் வந்தாங்களா?"

"வரலையே, தோன் அர்னுல்ஃபோ. மழைக்கு எங்கயாச்சும் நின்னிருப்பாங்க."

"அந்தப் பச்சை விளக்கு எவ்வளவு தூரத்துக்குத் தெரியும்?"

சிப்ரியானோவுக்குக் கேள்வி புரிந்தது. அதனால்தான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"நல்ல விளக்குங்க அது. தூரத்துலேர்ந்தே தெரியும்."

திரும்பி வரும் வழியில் அர்னுல்ஃபோவின் தலைக்குள் அந்தச் சைக்கிள் மட்டும்தான் ஓடியது. இருட்டில், மழையில், தெருவிலேயே பளிச்சென்று தெரிகிற ஒரே பொருளாக அதை ஆக்கியது யார்? டேப்பை உரிக்கச் சொன்னது யார்? எங்க? யார்? [பார்த்தீர்களா, உதவியது.] ஒவ்வொரு சேவலாக மனசுக்குள் கழற்றிக்கொண்டே நடந்தார். குஞ்சத்தைக் கழற்றினார், விளக்கைப் பிடுங்கினார், டேப்பை மறுபடி சுற்றினார்.

வீட்டுக்கு வந்து மாதா படத்துக்கு முன்னால் நின்றார். வேண்டுதல் எதுவும் வாயில் சரியாக வரவில்லை.

"சைக்கிள் போனா போகட்டும் தாயே. எல்லாச் சேவலையும் அவனுங்களே வெச்சுக்கட்டும். ஆளை மட்டும் அனுப்பிடு. இனிமே ஒரு மணிகூட மாட்டமாட்டேன்."

5

இப்போது நான் முடிவு எழுதவேண்டும்.

முதல் முடிவில் பாலத்துக்கு அடியில் நான்கு பேரும் நிற்கிறார்கள். நெல்சி சேவலை அழுத்துகிறார், அவர்கள் விழுந்து விழுந்து சிரித்து வழிவிடுகிறார்கள். படிக்க இனிக்கும். ஆனால் ஒரு ஹாரன் இவ்வளவு வேலை செய்யும் என்றால் பத்திரிகைக்காரர்களே நம்பமாட்டார்கள்.

இரண்டாவதில் புதுப் பிரேக் கட்டை ஈரத்தில் பிடிக்காமல், திரும்புகிற லாரிக்கு முன்னால் நெல்சி

[இல்லை. இதை எழுதும்போது அர்னுல்ஃபோ பக்கத்தில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. சிப்ரியானோ போட்டது அது. லாரியும் கிடையாது. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டபிறகுதான் எனக்கே மூச்சு வந்தது.]

மூன்றாவது முடிவை நான் எழுதவில்லை, அது சத்தமாக வந்தது.

6

அடுப்பில் தண்ணீரெல்லாம் சுண்டி வெல்லம் பாகாகியிருந்தது. அடிப்பிடிக்கும் வாசனை வந்து அர்னுல்ஃபோ அதை இறக்கி, கரண்டியால் கிளறியபோது, தெருமுனையில் சேவல் கூவியது.

சின்னதாக இரண்டு. பிறகு ஒன்று, நீட்டி.

நாய் குரைத்தது.

வேறு யார் அழுத்தினாலும் ஹாரன் கூவும். ஆனால் அந்த மூன்றாவது இழுப்பு, நாயைச் சீண்டுகிற அந்த இழுப்பு, நெல்சிக்கு மட்டும்தான் வரும். அர்னுல்ஃபோ கரண்டியோடு அப்படியே நின்றார்.  பிறகு அழுதார். சந்தோஷத்தில் வரும் அழுகையை எதற்காக மறைக்கவேண்டும்? அவர் மறைக்கவில்லை, நானும் மறைக்கவில்லை.

மறுபடி கூவியது, இப்போது பக்கத்தில். செருப்புகூடப் போடாமல் முற்றத்துக்கு ஓடினார்.

எங்கள் பேட்டையில் வாசல் கதவுகள் எல்லாம் ஒரே மாதிரி: இடுப்புக்கு மேலே கம்பி, கீழே தகடு. கம்பி வழியே நெல்சியின் மஞ்சள் மழைக்கோட்டு தெரிகிறது. நனைந்த முகம் தெரிகிறது. முகத்தில் களைப்பு இருக்கிறது, காயம் எதுவும் இல்லை. தகட்டுக்குக் கீழே இருப்பது எதுவும் தெரியவில்லை.

அந்த ஹாரனைக் கையாலேயே கழற்றலாம் என்று சிப்ரியானோ சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். ஆகவே அந்தத் தகட்டுக்குப் பின்னால் நெல்சியின் கைகளில் இருப்பது சைக்கிளின் கைப்பிடியா, சைக்கிள் போனபின் மிஞ்சிய வெறும் ரப்பர் பந்தா என்று நீங்கள் கேட்கலாம். என்னைக் கேட்காதீர்கள்.

"போன் நனைஞ்சு செத்துப்போச்சுங்க. பயந்துட்டீங்களா?"

"நானா? சேச்சே."

"அப்ப ஏன் கரண்டியும் கையுமா நிக்கறீங்க?"

"வெல்லத் தண்ணி வெச்சேன். பாகாயிடுச்சு."

"தண்ணி ஊத்தினாச் சரியாயிடும். முதல்ல கதவைத் திறங்க, நடுங்குது."

அர்னுல்ஃபோ தாழ்ப்பாளைத் தேடுகிறார். தினமும் திறக்கிற தாழ்ப்பாள்தான், கைக்கு அகப்படவில்லை.

பத்திரிகைக்கு இன்னும் வரிசை அனுப்பவில்லை. பிரேக் கட்டை, மட்கார்டு, டயர், விளக்கு, காக்கி டேப். எதை எங்கே வைப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். சேவலுக்கு எந்த இடம் என்று மட்டும் என் கட்சிக்காரர் அர்னுல்ஃபோவைக் கேட்டேன். அவர் காதில் விழவில்லை. இதோ, கதவைத் திறந்துவிட்டார், இரண்டு கைகளாலும் நெல்சியின் முகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கரண்டியிலிருந்து பாகு மஞ்சள் கோட்டில் ஒழுகுகிறது. சைக்கிள் இருக்கிறதா இல்லையா என்று அவர் இன்னும் குனிந்து பார்க்கவில்லை. உங்களுக்கு அவசரமானால் நீங்கள் எட்டிப் பாருங்கள், கதவு திறந்துதான் இருக்கிறது.