தும்பிக்காட்டுத் தலைவர் நாற்காலி

தும்பிக்காடு ஊராட்சித் தலைவராக ஆபீஸ் கதவைத் திறந்த முதல் நாளே வெள்ளையம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். உள்ளே மேசை கிடையாது. நடுவில் ஒரு செங்கல் தூண், அதன் உச்சியில் ஒரு நாற்காலி. நாற்காலிக்கு நேர் மேலே கூரையைப் பிரித்துத் தலை நீட்ட வழி விட்டிருந்தார்கள்.

"பயப்படாதீங்க தலைவரம்மா, நம்ம ஆபீசு வரலாறுங்க" என்றார் செயலர் சின்னராஜ்.

முதல் தலைவர் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தாராம். அவரைத் தோற்கடித்தவர், தோற்றவன் உயரத்திலேயே உட்கார்ந்தால் மரியாதை என்னாவது என்று நாற்காலி போட்டு, கீழே ஒரு வரிசைச் செங்கல்லும் அடுக்கினார். பின்னால் வந்தவர்களும் ஆளுக்கொரு வரிசை ஏற்றினார்கள். பள்ளிக்கூடச் சுவருக்கு வந்த செங்கல் ஒருத்தருக்கு, சாக்கடைக்கு வந்தது அடுத்தவருக்கு. மனு கொண்டு வந்தவர்கள் முதலில் எக்கிக் கொடுத்தார்கள். பிறகு மிளகு பறிக்கிற ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி ஏறிக் கொடுத்தார்கள். போன தலைவருக்குத் தலை கூரைக்கு வெளியே இருந்ததால், மழைக்காலம் பூராவும் குடை பிடித்தே ஆட்சி செய்தார். மேகம் இறங்கி ஊர் மறைந்த நாட்களில், ஊரில் குறையே இல்லை என்று எழுதி வைத்தார்.

"சுவத்தப் பாருங்க. அடியில கறுத்திருக்கறது ரெண்டாவது தலைவரு வெத்தல எச்சிலுங்க. அதுக்கு மேல செவப்பா வழியறது அவரு மச்சினன். மூலையில பச்சையாக் காஞ்சிருக்குதே சளி, அதத் துப்புனவரு நொம்ப நல்ல மனுசருங்க."

வெள்ளையம்மாள் சுவரை விட்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

"கழுவவே மாட்டீங்களா?"

"யாரு எச்சிலத் தொட்டாலும் அவங்க ஆளுங்க சண்டைக்கு வந்துருவாங்களே."

அவள் தேர்தலில் நின்றதே மேலக்காட்டுக் குடிசைகளுக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டுபோகத்தான். மாடு கலக்கிய ஓடைத் தண்ணீரைத் துணியில் வடித்துத்தான் அங்கே இன்னமும் குடிக்கிறார்கள். ஊராட்சிக்கு வந்திருப்பது ஒரே குழாய். அது யாருக்கு என்று இன்று கையெழுத்துப் போட வேண்டும்.

அப்போது அவள் புருஷன் தங்கராஜ் வெள்ளை வேட்டியும் ஒரு சாக்குச் செங்கல்லுமாக, வெற்றிலையை மென்றபடி வந்து சேர்ந்தான்.

"ஏ புள்ள, பொம்பள அம்புட்டு ஒசரத்துல உக்காந்தா நல்லாவா இருக்கும்? உனக்குப் பதிலா நான் உக்காந்துக்கறேன். அந்தக் குழாய ரிசார்ட்டுக்காரருக்கு உட்டுடறதாச் சொல்லிட்டேன்."

"ஏனுங்க, மேலக்காட்டுக்கு நான் சொன்ன சொல்லு?"

"அவங்களுக்கு ஓடை இருக்குதே!"

செங்கல்லை அடுக்கி, ஏணியில் ஏறி உட்கார்ந்தான். தலையோடு தோளும் கூரைக்கு வெளியே போய்விட்டது. கீழே இரண்டு கால்கள் மட்டும் பதவியேற்றிருந்தன.

"சின்னராஜு, சீலும் பேப்பரும் கொண்டாப்பா!" கூரைக்கு மேலேயிருந்து குரல் வந்தது.

சின்னராஜ் ஏணியில் கால் வைக்கப் போனார். வெள்ளையம்மாள் அதற்குள் ஏணியை உருவித் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து மிளகு பறித்த தோள்.

"ஏ புள்ள! ஏணி எங்கே?"

"மொளகு பழுத்துக் கெடக்குதுங்க. ஏணிக்குத் தோட்டத்துல வேல."

வாசலில் கொஞ்சம் சுத்தமான இடமாகப் பார்த்துச் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். சின்னராஜ் கையைப் பிசைந்தார்.

"தலைவரம்மா, கீழ உக்காந்து போட்டா செல்லுமாங்க?"

"மொதத் தலைவரு எங்க உக்காந்தாரு?"

"பாயிலங்க."

"பின்ன என்ன? சீலக் குடுங்க."

மேலக்காட்டுக் குழாய்க்குக் கையெழுத்துப் போட்டு, சீலை அழுத்திக் குத்தினாள். மேலே ஒரு கெட்ட வார்த்தையும், அதன் பின்னாலேயே காறித் துப்பும் சத்தமும் கேட்டன. கூரை ஓட்டின் இடுக்கு வழியாகச் சுவரில் சிவப்பாய் ஒன்று இறங்கியது. சின்னராஜ் மரியாதையோடு அண்ணாந்து பார்த்தார்.

"அடுத்த வரலாறுங்களா?"

"இல்லீங்க" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள் வெள்ளையம்மாள். "சாயங்காலம் ஏணி வருமுன்னு அவருகிட்டச் சொல்லுங்க. கூடவே வாளியும் தொடப்பமும் வரும். செவுரு பூராத்தையும் கழுவிட்டுத்தான் ஊட்டுக்கு வரணுமுன்னும் சொல்லுங்க."