ஒழுகல் மேஸ்திரியின் வீட்டுக் கூரை

ஒழுகல் மேஸ்திரியின் வீட்டுக் கூடத்தில், கூரை விரிசல் வழியாகச் சாமான்கள் ஒழுகிக்கொண்டிருந்தன. மழைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட அதில் இறங்கியதில்லை. சோப்பு தீர்ந்தால் சோப்பு இறங்கும், எண்ணெய் தீர்ந்தால் மூடி திருகிய எண்ணெய் பாட்டில், ஒரு முறை அவர் மனைவியின் காலுக்கு அளவெடுத்தது போல ஒரு ஜோடி செருப்பு. சுண்டுவிரல்கூட நுழையாத அந்த விரிசலில் முதலில் ஈரம் படர்ந்த மாதிரி ஒரு நிழல் தெரியும். பிறகு சாமான் மெல்லப் பிதுங்கி, அவசரமே இல்லாமல் இறங்கித் தரையில் உட்காரும். மனைவி ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு அதை எடுத்து அலமாரியில் வைப்பாள். கேட்டதெல்லாம் வந்துவிடாது. அவள் மாதக்கணக்கில் ஜெபித்துக் கேட்ட தையல் மிஷின் கடைசிவரை வரவில்லை. கேட்காத குடை ஒன்று வந்தது, மறுவாரம் அடைமழை பிடித்துக்கொண்டது.

தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேஸ்திரிக்குத்தான் மானம் போயிற்று. ஒழுகும் கூரைகளை அடைப்பதுதான் அவர் பிழைப்பு. விரிசலை உளியால் வெட்டி அகலமாக்கி, கம்பி பிரஷ்ஷால் தூசி போகத் தேய்த்து, கலவையைத் திணித்து, மேலே நீர்க்கசிவைத் தடுக்கும் மருந்து பூசிக் காயவிடுவார். காய்ந்ததும் மொட்டைமாடியில் தண்ணீர் தேக்கி வைப்பார். தேங்கிய தண்ணீர் கீழே பொட்டளவு ஈரம்கூடக் காட்டவில்லை என்றால்தான் கூலிக்குக் கை நீட்டுவார். அவர் வீட்டுக் கூரையிலேயே விரிசல் என்றால் ஊர் சும்மா இருக்குமா? எலெக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் அவருடைய மைத்துனனுக்கு வாய்க்கொழுப்பு அதிகம். தனக்கு நல்ல ஒழுகல் மேஸ்திரி ஒருவரைத் தெரியும் என்றும், மாமா சரியென்றால் கூட்டி வருவதாகவும் அவன் எல்லார் முன்னாலும் சொன்னான்.

அந்தக் கேலியைக்கூட அவர் விழுங்கியிருப்பார். தொண்டையில் மாட்டிக்கொண்டது அந்த ஸ்தோத்திரம்தான். மேலிருந்து ஒரு சோப்பு இறங்கினால் நன்றி. தான் வெயிலில் வெந்து சுமந்து வரும் மாவு மூட்டைக்கு ஒன்றும் இல்லையா? ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"அதுக்கும் ஸ்தோத்திரம் சொல்லிட்டுத்தான் உள்ள எடுத்து வைக்கிறேன். நீங்க அப்ப கை கால் கழுவப் போயிருப்பீங்க" என்றாள் மனைவி.

இதைக் கேட்டதும் அவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. தன் முதுகு வலிக்கும் ஆண்டவருக்கா நன்றி? மனைவி கைக்குழந்தையோடு தாய்வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில், தன் சொந்தக் கூரைமேல் ஏறினார். வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை அவர் செய்ததில்லை. தேக்கிய தண்ணீர் வெயிலில் வற்றியதே தவிர ஒரு துளி கீழே இறங்கவில்லை. திரும்பி வந்த மனைவி அண்ணாந்து பார்த்துவிட்டு, வேலை நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். இனி இந்த வீட்டுக்குள் வருவதெல்லாம் தன் கை வழியாகத்தான் வரும் என்று மேஸ்திரி கடையிலிருந்து இரண்டு பை நிறையச் சாமான் வாங்கிக்கொண்டு வந்தார். கொஞ்ச நாள் வீடு நன்றாகவே ஓடியது.

முதலில் நின்றது தூக்கம். படுப்பார்கள், கண் மூடும், அதற்கு மேல் ஒன்றும் வராது. அடுத்ததாக உப்பு போயிற்று. எவ்வளவு அள்ளிப் போட்டாலும் சாப்பாடு சப்பென்றே இருந்தது. மனைவியின் சிரிப்பு எந்தக் கிழமையில் நின்றது என்று யாருக்கும் நினைவில்லை. வேலை செய்யும் இடங்களில் அவர் குழைத்த கலவை இறுகவே இல்லை, கூழாகவே கிடந்தது. சிமெண்ட் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனார். அதே மூட்டையில் குழைத்த மற்றவர்களுக்கு அது கல்லாக இறுகியது. கடைசியில் தாய்ப்பால் நின்றது. புட்டிப்பாலைக் குழந்தை தொடவில்லை. டாக்டர் குறை எதுவும் இல்லை என்றார், குழந்தையோ நாளுக்கு நாள் கையில் கனமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மேஸ்திரி பயந்துபோனார். கடைத்தெருவில் இருந்த பால்மாவு வகை அத்தனையையும் வாங்கி வந்து மனைவி முன்னால் அடுக்கினார்.

"நான்தான் எல்லாத்தையும் கொண்டு வர்றேனே. இன்னும் என்னதான் வரல?"

"முன்னால தூக்கம் வந்துச்சே, அதை நீங்களா பையில போட்டுக் கொண்டு வந்தீங்க?" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "எனக்குப் பால் சுரந்ததும் உங்க கலவை இறுகினதும் எங்கிருந்துங்க வந்துச்சு?"

மேஸ்திரி உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் மேலே ஏறினார். நல்ல வேலை என்பதால் லேசில் பெயரவில்லை. உள்ளங்கை கொப்புளித்தது, உளி முனை இரண்டு தடவை மழுங்கியது. அடைக்கும்போது வராத அழுகை உடைக்கும்போது வந்தது. தெருக்காரர்கள் நின்று பார்த்தார்கள், மைத்துனன்கூட வாயைத் திறக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் பழைய விரிசல் தலை காட்டியது. அவர் குப்புறப் படுத்து அதில் வாயை வைத்துக் கேட்டார்.

"ஏதாவது விழுந்துச்சா?"



"ஒண்ணும் விழல" என்று கீழிருந்து மெல்லச் சொன்னாள் மனைவி. "பிள்ளை பால் குடிக்குது. தட்டாம இருங்க."

அன்று அந்த வீட்டில் மூன்று பேரும் விடிந்தது தெரியாமல் தூங்கினார்கள். மேஸ்திரியின் கலவை மறுநாளிலிருந்து இறுகியது, விரிசல் வழியாகச் சாமான்களும் பழையபடி இறங்கத் தொடங்கின. ஊரிலுள்ள மற்றக் கூரைகளை அவர் வழக்கம்போல் அடைத்துக்கொண்டிருந்தார். மகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போகும் காலத்தில், வேலை முடிந்து வந்ததும் அவர் செய்கிற முதல் காரியம், வாங்கி வந்த பையைக் கூடத்தில் விரிசலுக்கு நேர்கீழே வைப்பது. வைத்துவிட்டுக் கை கால் கழுவப் போவார். திரும்பி வந்து, யாரோ தந்ததை வாங்குவது போல இரண்டு கையாலும் அதை எடுத்து மனைவியிடம் கொடுப்பார். அலமாரியில் எது கூரையிலிருந்து இறங்கியது, எது கடையில் வாங்கியது என்று அவள் பிரித்து வைக்கவில்லை. கொஞ்ச காலத்தில் மேஸ்திரிக்கும் அடையாளம் தெரியாமல் போயிற்று.