வளைவில் கட்டிய மீட்டர்

பொன்ராஜைப் பற்றி ஜானட்டுக்கு வேலையில் சேர்ந்த புதிதிலேயே ஒரு முடிவு வந்துவிட்டது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றிவிட்டால் அந்த ஆளிடம் வேறு எதுவும் மிஞ்சாது. எண்ணூர்ப் பக்கம் குடிநீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தக் கம்பெனியில் அவர் மேலாளர். ராயபுரத்திலிருந்து வந்துபோகும் ஜானட், அவருக்குக் கீழே மீட்டர்களைக் கவனிக்கும் இன்ஜினியர்.

மீனவர் குடியிருப்பான நெட்டுக்குப்பத்துக்குப் போகும் குழாயில் அல்ட்ராசோனிக் மீட்டர் மாட்ட அவர் இடம் காட்டினார். குழாயை வெட்ட வேண்டியதில்லை. வெளியே இரண்டு சென்சார்களைப் பட்டை போட்டு இறுக்கினால் போதும். தண்ணீரோடு போகும் ஒலிக்கும் எதிர்த்து வரும் ஒலிக்கும் உள்ள நேர வித்தியாசத்தை வைத்து, ஓடும் தண்ணீர் எவ்வளவு என்று அது சொல்லிவிடும். அதற்குத் தண்ணீர் சீராக ஓட வேண்டும். பொன்ராஜ் காட்டியதோ, குழாய் திரும்பும் வளைவை ஒட்டிய இடம். வளைந்து வரும் தண்ணீர் சுழன்றுகொண்டு ஒருபக்கமாக ஒதுங்கும், அளவு தப்பும் என்று ஜானட் சொல்லிப் பார்த்தாள். ஆனால் வளைவில்தான் கார் நிறுத்த நிழல் இருந்தது.

"மிஷினுக்கு எல்லாம் தெரியும்மா. நீ கட்டு."

அவள் கட்டினாள்.

தண்ணீர் புறப்படும் பம்ப் ஹவுஸில் இருந்த மீட்டரைவிட இது மிகக் குறைவாகக் காட்டியது. நடுவில் குப்பத்து ஆட்கள் குழாயை உடைத்துத் திருடுகிறார்கள் என்றார் பொன்ராஜ். ஓரிடத்தில்கூடத் தோண்டிப் பார்க்கவில்லை. திருட்டை நிறுத்த வால்வைப் பாதி மூடச் சொன்னார். தெருக்குழாயில் தண்ணீர் நூலாக வந்தது.

மீன் விற்கும் கன்னியம்மா, குழாயடியில் ஜானட்டை மறித்து நிறுத்தினாள். ஜானட் வளைவையும் சென்சாரையும் பற்றி விளக்கினாள். கன்னியம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்போ தெரிஞ்சிகினேதான் கட்டிக்கீற."

பொன்ராஜை ஜானட் எந்தக் கண்ணால் பார்த்தாளோ, அதே பார்வை இப்போது தன்மேல் விழுந்ததை உணர்ந்தாள்.

மறுநாள் காலை யாரிடமும் கேட்காமல், ஃபிட்டர் உபைதுல்லாவோடு போய் சென்சார்களைக் கழற்றி, கழிமுகக் கரையோரம் குழாய் நீளமாக நேரே ஓடும் இடத்தில் கட்டினாள். இப்போது பம்ப் ஹவுஸ் மீட்டரும் இதுவும் ஒத்துப்போயின. பொன்ராஜை வரவழைத்தாள். அவர் திரையைக் குனிந்து பார்த்தார்; முகம் மலர்ந்தது.

"பாத்தியா? வால்வ மூடுனதும் திருட்டு நின்னுடுச்சு."

ஜானட் அவர் கண்ணெதிரே சென்சார்களைத் திரும்ப வளைவுக்குக் கொண்டுபோய் இறுக்கினாள். எண் சரிந்தது.

"இப்ப மறுபடி திருட ஆரம்பிச்சிட்டாங்களா சார்?"

வளைவருகே குடத்தோடு வேடிக்கை பார்த்து நின்ற பெண்கள் சிரித்தார்கள். பொன்ராஜ் அழைப்பு வந்ததுபோல் போனைக் காதில் வைத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டார்.

மீட்டரில் இருந்த பிழையைத் தானே கண்டுபிடித்ததாக அவர் மேலிடத்தில் சொன்னார். அங்கே பாராட்டினார்கள். ஜானட்டை மீஞ்சூருக்கு மாற்றினார்கள். அந்த ஆளிடம் வேறெதையும் எதிர்பார்க்காததால் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

போவதற்கு முன் வால்வை அவளே திறக்க வந்தாள். பக்கத்தில் நின்ற கன்னியம்மா நன்றி சொல்லவில்லை.

"முழுசா தொற" என்றாள்.

ஜானட் சக்கரத்தைக் கடைசி வரை திருப்பினாள்.