‘சாப்பிடாதே’ பொட்டலம்

எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனி கேட்டில் பையைக் கொட்டிக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். வீட்டிலோ என் மாமியார் அரிசி டப்பா வரைக்கும் துழாவுவார். எச்ஐவி மாத்திரையை நான் எங்கே வைப்பது, தலையிலா? ஷூ பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சப் போடும் ஜெல் பொட்டலம் ஒன்றைப் பிரித்தேன். மணிகளைக் கொட்டிவிட்டு மாத்திரைகளைப் போட்டு, டேப் ஒட்டினேன். மேலே ‘சாப்பிடாதே’ என்றிருக்கும். எவன் தொடுவான்? பேக்கிங் மேசை ஓரம் வைத்து, டீ நேரத்தில் ஒன்றை விழுங்குவேன்.

இன்று ஏற்றுமதி அவசரம். கூடப் பேக்கிங் செய்யும் சௌம்யா, மேசையில் கிடந்த பொட்டலங்களையெல்லாம் வாரிப் பெட்டிகளில் போட்டுவிட்டாள். பாவி!

டேப் ஒட்டிய என் பொட்டலம் செக்கிங்கில் மாட்டிக்கொண்டது. சூப்பர்வைசர் கோதண்டபாணி அதைக் கிழித்து மேசையில் கொட்டினார்.

“இன்னாமா இது? யாரோட மாத்திரை? போட்டோ எடுத்து மெடிக்கல்ல கேட்டா தெரிஞ்சிரும்.”

 தெரிந்தால் வேலை போச்சு, மானமும் போச்சு. முன்பு மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டு, எலும்பும் தோலுமாகக் கிடந்தவள் நான். இந்த வேலையில் சேர்ந்த பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிட்டு மனுஷியானேன். 

“சார், இன்னொன்னு இருக்குது,” என்று செக்கிங் பெண் கத்தினாள்.

அதிலும் அதே மாத்திரை. ஆனால் டேப் இல்லை, சிவப்பு நூலால் தைத்திருந்தது. போன வாரம் பிய்ந்துபோன என் பை வாரை எதிர் ஸ்டூல் வஹீதா தைத்துக் கொடுத்ததும் இதே நூலால்தான். நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. அடிப்பாவி, இத்தனை நாளும் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே மாத்திரையைத்தான் விழுங்கினோமா!

“அப்போ ரெண்டு பேரா? எல்லார் பையையும் கொட்டுங்க!” என்றார் கோதண்டபாணி.

வஹீதாவின் பை மடியிலேயே இருந்தது. அதற்குள் அந்தச் சிவப்பு நூல்கண்டு இருக்கும்.

“ரெண்டும் என்னுதுதான் சார்,” என்று எழுந்துவிட்டேன்.

“உன்னுதா, பிரிசில்லா? இன்னா வியாதிமா உனக்கு?”

 அவர் போனை எடுத்து மாத்திரையைப் படம் பிடித்து மெடிக்கலுக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் போன் ‘டிங்’ என்றது. படித்தவர், கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

 முதலில் எழுந்தது வஹீதாதான். தன் ஸ்டூலைத் தூக்கி, என்னை விட்டுத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். அவளும் வேறென்ன செய்வாள்?

டீ பெல் அடித்தது.