ரிப்பன் கட்ட இடமில்லாத கட்டடம்

ஆர்க்கிடெக்ட் என்று பலகை மாட்டியிருந்தும் தென்காசியில் ஆனந்தவள்ளிக்கு 'அடுப்படி இன்ஜினியர்' என்றுதான் பெயர். வீடு கட்ட வருகிறவர்களிடம் அவள் முதலில் கேட்பது, "சமைக்கவங்க வரலையா?" என்பதுதான். வீட்டுக்காரி வந்து எதிரே உட்கார்ந்த பிறகே பென்சிலை எடுப்பாள். ஆலங்குளத்தில் ஒரு வீட்டுக்குத் தெருவைப் பார்த்த முன்னறையையே சமையலறையாக்கினாள். ஊர் சிரித்தது. பிறகு அதே தெருவில் இன்னும் இரண்டு வீடுகள் அப்படி எழும்பின. பட்டப்பெயர் மட்டும் போகவில்லை.

முதல் பொதுக்கட்டடம் அவள் கைக்கு வரப் பல வருடங்களாயின. குற்றாலத்துக்குத் தெற்கே, குரங்கோடை அருவியில் பெண்கள் உடைமாற்றும் இடம்.

பழையது ஒன்று அங்கே இருந்தது. வரிசையாகச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் கதவு. யாரும் போவதில்லை. போன சாரல் சீசனில் ஆனந்தவள்ளி அருவிக்கரையில் நின்று பார்த்தாள். எந்தப் பெண்ணும் தனியாக உடை மாற்றவில்லை. ஒருத்தி மாற்ற, இன்னொருத்தி சேலையை விரித்துப் பிடித்தாள். துணையில்லாதவள் பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

எனவே அவள் வரைந்தது ஒரே கூடம். சுற்றி உயரமான வட்டச்சுவர். சுவருக்கும் கூரைக்கும் நடுவே வெளிச்சம் வர இடைவெளி. குரங்கு நுழையாமல் வலை. கதவே கிடையாது. சுவர் நத்தை ஓடுபோல் சுற்றி வந்து மலைப்பக்கம் வாசல் விட்டது. வெளியே நின்று எட்டிப் பார்க்கிறவனுக்குச் சுவர்தான் தெரியும்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காண்ட்ராக்டர் உவைஸ் போன் செய்தான். "மேடம், ரோட்டுப் பக்கம் சுவர உடைச்சு வாசல் வைக்கச் சொல்லுதாங்க. உடனே வாங்க."

அவள் போய்ச் சேர்ந்தபோது நல்லக்கண்ணு சுவரில் கரியால் வாசல் வரைந்து முடித்திருந்தார். பக்கத்தில் உவைஸ் சுவர் உடைக்கிற மெஷினோடு நின்றான். ஊராட்சித் தலைவர் அவர் மனைவி பேச்சித்தாய். ஓட்டு வாங்கியது அவள். ஊர் 'தலைவரே' என்று கூப்பிட்டது இவரை. அவள் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, வாசல் மலையப் பாத்தா ரிப்பன எங்க கட்ட? குரங்கா வந்து வெட்டும்?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

"ரோட்டுப் பக்கம் வாசல் வச்சா பஸ்ல போறவன் பூரா பாப்பான், அண்ணாச்சி."

"ஒரு கதவப் போட்டுட்டாப் போச்சு."

"கதவு போட்ட பழசுக்கு எவளாவது போனாளா?"

"தலைவர் முடிவு பண்ணியாச்சும்மா. நீ தள்ளு" என்றார் நல்லக்கண்ணு, ஜீப்பைக் காட்டி.

சுவர் உடைந்தால் அது இன்னொரு ஆளில்லாத கட்டடம். ஆனந்தவள்ளி நேரே ஜீப்புக்குப் போனாள். "அக்கா, முடிவு பண்ணுனீங்களாம்லா. ஒரு தடவ உள்ள வந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

பேச்சித்தாய் இறங்கினாள். நல்லக்கண்ணுவும் பின்னாலேயே வந்தார். சுவர் வளைகிற இடத்தில் 'ஆண்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகை. கீழே, அன்பளிப்பு: நல்லக்கண்ணு.

"நீங்க எழுதிக் குடுத்த போர்டுதான், அண்ணாச்சி" என்றாள் ஆனந்தவள்ளி. அவர் நின்றுவிட்டார்.

உள்ளே, திறப்பு விழாவுக்குக் காத்திராமல், குளித்துவிட்டு வந்த பெண்கள் நிறைந்திருந்தார்கள். பேச்சும் சிரிப்புமாக இருந்தது. ஈரத்தலையோடு ஒருத்தி, வந்தது யார் என்று தெரியாமல் சேலைத் தலைப்பை நீட்டினாள். "யக்கா, செத்த இதப் புடிங்க."

பேச்சித்தாய் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். அவள் மாற்றி முடிக்கும்வரை பிடித்திருந்தாள்.

வெளியிலிருந்து நல்லக்கண்ணுவின் குரல் வந்தது. "ஏட்டி, என்ன சொல்லுத?"

பேச்சித்தாய் சுவருக்கு மேலே பார்த்துப் பேசினாள். "வாசல் இருக்க இடத்துலயே இருக்கட்டும். உவைசு, மெசின எடுத்துட்டுக் கெளம்பு."

வெளியே நல்லக்கண்ணு சுவரை ஒட்டி வந்து நின்றார்.

"அப்போ ரிப்பன்?"

"இங்கன உள்ள கட்டுதோம். நான் வெட்டுதேன்."

மறுநாள் அப்படியே வெட்டினாள். போட்டோக்காரரும் ஆண் என்பதால் உள்ளே போக முடியவில்லை. படத்தில் விழுந்தது வட்டச்சுவரும், பலகைக்குப் பக்கத்தில் மாலையோடு நின்ற நல்லக்கண்ணுவும்தான்.

கூட்டம் கலைந்ததும் ஆனந்தவள்ளி அருவிக்குப் போனாள். ஆசை தீர நின்று குளித்தாள். நடுங்கிக்கொண்டு தன் கட்டடத்துக்குள் வந்தபோது பேச்சித்தாய் கேட்காமலே சேலையை விரித்தாள்.

"சிவகிரிப் பக்கத்துத் தலைவி போன் போட்டா. அவ ஊருக்கும் நீதான் ஒண்ணு கட்டணுமாம். அவ வீட்டுக்காரன் சம்மதிக்கலையாம். என்ன சொல்லட்டும்?"

ஆனந்தவள்ளி தலையைத் துவட்டினாள்.

"அவர உள்ள வந்து பேசச் சொல்லுங்கக்கா."